நேர்ந்துவிட்ட கிளுவை

குளிரினால் அல்ல. நீயும் அதை நம்பவில்லை என்று அப்போதே தெரியும். கட்ச் வளைகுடாவின் சேற்றுக் கரையில், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டு, கைக்குள் உள்ளான் என்னும் சின்னக் கரைப்பறவை ஒன்றை வைத்துக்கொண்டு நீ கேட்டாய். நான் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "குளுருதுடா, போவோம்" என்றேன். பதில் இல்லாமல் இல்லை. இருந்தது பாதிப் பதில். மீதி, ஊருக்குத் திரும்பிய பிறகு நம் வீட்டுக் கொல்லைக் கதவைத் தட்டிக்கொண்டு வந்தது. இப்போது முழுதாகச் சொல்ல முடியும். உனக்கு மட்டும் என்று ஒட்டி அனுப்பாமல், எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன். பெற்றவர்கள் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள் என்று கேட்கும் வயதுப் பிள்ளைகள் நிறைய வீடுகளில் இருக்கிறார்கள். அதோடு, இதே கேள்வியை இன்னொருத்தியும் என்னைக் கேட்டுவிட்டாள். உன்னைவிடக் கடுமையாக.

முதலில் உன் கடல். கல்லூரி அரையாண்டு விடுமுறையில், மூன்று ரயில் மாறி, தனியாக வந்தேன். உன் அப்பா வரவில்லை. அறுப்பு நெருங்கிவிட்டது என்றார். வடக்கே பருப்பில் வெல்லம் போடுவார்கள் என்பதுதான் உண்மையான காரணம். முதல் நாள் விடியலில் என்னைக் கரைக்குக் கூட்டிப் போனாய். கடல் இல்லை. எங்கோ தொலைவுக்கு உள்வாங்கியிருந்தது. சேறு மட்டும். சேறு முடிகிற இடத்தில் வெள்ளையும் சாம்பலுமாக ஒரு கோடு. "அதான் அலையா?" என்றேன். சிரித்துக்கொண்டே பைனாகுலரைக் கொடுத்தாய். அலை இல்லை. பறவைகள். தோளோடு தோள் ஒட்டி, எல்லாம் ஒரே பக்கம் திரும்பி, காற்றுக்கு முகம் கொடுத்து நின்றன. எங்கிருந்தோ ஒரு வல்லூறு தாழ்ந்து வந்தது. கோடு எழுந்தது. மடங்கியது. வெள்ளையாகி, இருண்டு, மறுபடி வெள்ளையாகி. பெரிய துணியை யாரோ உதறியதுபோல் ஒரு சத்தம். நம் கண்மாயில் எத்தனையோ குளிர்காலம் நின்றிருக்கிறேன். மதியம் குவாரியில் வெடி வைத்தால் கண்மாய் முழுக்க ஒரு தரம் எழுந்து உட்காரும். அதற்கு இந்தச் சத்தம் கிடையாது. அந்தக் கடற்கரை எனக்குப் பிடித்தது. நீ அங்கே இருப்பதும் பிடித்தது. இதைக் கரையிலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல், பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தேன்.

பிறகு நீ வேலையைக் காட்டினாய். வலையில் விழுந்த உள்ளானை எடுத்தாய். அதன் கழுத்து உன் இரண்டு விரலுக்கு நடுவே. உடம்பு உள்ளங்கையில். காலில் ஒரு அலுமினிய வளையத்தை வைத்து, சின்னக் குறடால் மெல்ல மூடினாய். மூடிய பிறகு வளையத்தை விரல் நுனியால் மேலே தள்ளினாய், கீழே இழுத்தாய், சுற்றிவிட்டாய். "இது ஏறி எறங்கணும்மா. இறுகவும் கூடாது, இடைவெளி விட்டு நூலு கீலு மாட்டவும் கூடாது. இறுகினா காலு போயிரும்" என்றாய். என் கையில் கொடுத்தாய். அவ்வளவு சின்ன உடம்புக்குள் அப்படி ஒரு துடிப்பு. கையை விரித்தேன். கொஞ்ச நேரம் அது போகவில்லை. பிறகு போயிற்று. அப்போதுதான், என்னைப் பார்க்காமல், குறடைத் துடைத்துக்கொண்டே கேட்டாய். "நம்ம ஊர்ல அன்னைக்கு ஏம்மா சொல்லாம விட்ட?" நான் குளிர் என்றேன். "இப்பவும் அடுப்புல பால் பொங்குதாக்கும்?" என்றாய்.

பால் கதை உனக்குத் தெரியும். படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மேலூரிலிருந்து பிரியும் சாலையில் எங்கள் ஊர். வீட்டுக்குப் பின்னால் கண்மாய்க் கரை. ஐப்பசி மழையில் நிறையும். கார்த்திகையில் வாத்துகள் வந்து இறங்கும். கிளுவை என்று ஊரில் சொல்லும் சிறு வாத்துகளே அதிகம். மதுரை வில்லாபுரத்திலிருந்து எம்.ஏ. பட்டத்தோடு கல்யாணமாகி வந்தவள் நான். அந்த முதல் வருஷம் பேச ஆள் இல்லாமல் கரையில் நடந்தேன். பறவைகளின் பெயர் தெரியாது. நானே வைத்தேன். சாம்பல் நாரைக்கு ஹெட்மாஸ்டர். நாமக்கோழிகளுக்கு ஆபீஸ் குமாஸ்தாக்கள். பிறகு கல்லூரியில் வேலை கிடைத்தது, ஒரு பைனாகுலர் கிடைத்தது, சரியான பெயர்களும் கிடைத்தன. மேலூர் பஸ்ஸைப் பிடிப்பதற்கு முன் ஒரு நடை கரைக்குப் போய் வருவது பழக்கமாயிற்று. நீ நடக்கக் கற்றதும் அந்தக் கரையில்தான்.

கண்மாய் மீன் குத்தகை காத்தமுத்துவிடம் இருந்தது. தண்ணீர் வற்றிய பிறகுதான் மீன். அதுவரை சும்மா இருக்க அவனால் ஆகாது. குளிர்காலம் முழுக்க வாத்துக்கு வலை கட்டுவான். உரித்து, மேலூர் பஸ் ஸ்டாண்டுக் கடைகளுக்குக் கொடுப்பான். வருஷா வருஷம் அவனோடு சண்டை போடுவேன். அவன் கோபப்படவே மாட்டான். "டீச்சரம்மா, நீங்க பாக்குறீக, நான் பிடிக்கிறேன். ரெண்டு பேருக்கும் வாத்து மேலதான் ஆசை" என்பான். போன வருஷத்துக்கு முந்தின மார்கழி. நீ எம்.எஸ்ஸி. விடுமுறையில் வீட்டில் இருந்தாய். ஒரு காலையில் காத்தமுத்து ஓடி வந்தான். கையில் ஒரு கிளுவை, உயிரோடு. அதன் காலில் வளையம்.

"அண்ணே, மோசம் போயிட்டேண்ணே" என்றான் உன் அப்பாவிடம்.

"என்னாடா மாப்ள, போலீசா?"

"போலீசுன்னாத்தேன் பரவால்லையே. இது நேந்துவிட்ட வாத்துண்ணே. காலப் பாருங்க."

எங்கள் பக்கத்தில் கருப்புக்கு நேர்ந்துவிட்ட கிடாய்க்குக் காதில் வெட்டு இருக்கும். அது யார் வயலில் மேய்ந்தாலும் விரட்ட மாட்டார்கள். சாமிக்கு விட்ட மாட்டுக்கும் அப்படித்தான் ஒரு அடையாளம். அடையாளம் உள்ளதைத் தொட்டவன் குடும்பம் விளங்காது. காத்தமுத்து அந்த அடையாளத்தை ஒரு வாத்தின் காலில் பார்த்துவிட்டான்.

"நேத்துப் பிடிச்சதுல நாலைத் தின்னுட்டேண்ணே. இருட்டுல உரிச்சேன். அதுல எதுக்கு வளையம் கெடந்துச்சோ, எவன் பாத்தான். காலைலருந்து வயித்துல சுத்துது."

"வளையத்தையும் சேத்துத் தின்னயா?" என்றார் உன் அப்பா.

வாத்தை என்னிடம் நீட்டினான். வளையத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கச் சொன்னான். படித்தேன். "வேற தேசத்து ஊர் பேரு மாதிரி இருக்கு. பக்கத்துல நம்பர்."

"சாமிக்கு நம்பரா?"

"வடக்க சாமி ஜாஸ்திடா. நம்பர் போடலேன்னா எது எந்தச் சாமியோடதுன்னு தெரியாதுல்ல" என்றார் உன் அப்பா. அவர் விளையாட்டுக்குச் சொன்னார். காத்தமுத்து தலையை ஆட்டினான்.

நீ முன்னால் வந்தாய். "காத்தமுத்தண்ணே, இது சாமியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. இது வந்து..."

"தம்பி, உள்ள பால் பொங்குது. போய் எறக்கு" என்றேன்.

போனாய். திரும்பி வந்து, "அடுப்புல பாலே இல்லம்மா" என்றாய். அதற்குள் காத்தமுத்து கரை ஏறிவிட்டான். வாத்தைத் தண்ணீரில் விட்டு, கும்பிட்டுக்கொண்டு நின்றான். அன்றைக்கே வலைகள் அவன் வீட்டுப் பரணுக்குப் போயின. எதை நேர்ந்துவிட்டார்கள், எதை விடவில்லை என்று தண்ணீரில் மிதக்கும்போது யாருக்குத் தெரியும்? அதனால் எல்லாவற்றையும் விட்டுவிட்டான். பங்குனியில் அவை தாமாகக் கிளம்பிப் போகும் வரை கண்மாயில் ஒரு வலையும் விழவில்லை. நீ மட்டும் என்னோடு பேசவில்லை. உன் கோபத்தில் நியாயம் இருந்தது. ஏதோ ஒரு குளிர்ந்த ஊரில் ஒருவர் அந்த வளையத்தை மாட்டிவிட்டு, அது எங்கே போயிற்று என்று ஒரு தபாலட்டைக்காகக் காத்திருப்பார். அந்த நம்பரையாவது நீ குறித்து வைத்திருப்பாய். நான்தான் உன்னை இல்லாத பாலுக்கு அனுப்பிவிட்டேன். "படிச்சவங்களே இப்பிடிப் பண்ணுனா?" என்றாய். வேலை கிடைத்து, ஆவணியில் ரயில் ஏறும்போதும் அந்த முகத்தோடுதான் ஏறினாய்.

இனி உனக்குத் தெரியாதது. இந்தக் கார்த்திகையில், உன்னைப் பார்க்க வருவதற்கு முன், ஒரு கிளுவையின் காலில் சிவப்பாக ஏதோ பார்த்தேன். பைனாகுலரில்தான். பிளாஸ்டிக் பையின் கிழிசல், தண்ணீரில் சிக்கியிருக்கும் என்று நினைத்தேன். இத்தனை வருஷம் பார்த்துப் பழகிய கண். அப்படித்தான் நினைத்தது. திரும்பி வந்த வாரம், வியாழக்கிழமை சாயங்காலம், கல்லூரி விட்டு வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தேன். கொல்லைக் கதவில் இருளாயி. உனக்குத் தெரியும், நம் வயலில் நடவுக்கு வருகிறவள், இப்போது கண்மாய்க்குக் கீழே சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வைத்திருப்பவள். அவள் மகன் முருகேசன் ஐ.டி.ஐ.யில் வெல்டிங் படித்துவிட்டு ஐப்பசியில் சவுதிக்குப் போனான். அவள் கையில் ஓலைப்பெட்டி. பெட்டியில் ஒரு கிளுவை. ஒரு கால் சாதாரணமாக இருந்தது. இன்னொரு கால் விரல் பருமனுக்கு வீங்கி, கறுத்து. வீக்கத்துக்கு நடுவே வெள்ளியாய் ஒரு மினுக்கு.

"டீச்சரம்மா, காலை மட்டும் பாருங்க. வளையத்தைத் தொட்டுராதீக."

"யாரு கட்டுனது?"

"நாந்தேன். முருகேசனுக்கு நேந்து கட்டுனேன். இது எங்குட்டோ தூரந்தொலைக்குப் போயிட்டு வருசா வருசம் நம்ம கண்மாய்க்கே திரும்பி வருதுல்ல? அதேன். அவனும் போயிட்டுத் திரும்பி வரணும்ல."

அது அவள் புருஷன் செத்தபோது கழற்றிய மெட்டி. வாத்தின் காலுக்குப் பெரிதாக இருந்ததால் பல்லால் கடித்து நெருக்கியிருக்கிறாள். கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக வந்தது. காத்தமுத்து கும்பிட்டு விட்ட அந்த வளையத்து வாத்திலிருந்துதான் ஊருக்கு இந்த யோசனை. வாத்தைப் பிடித்துக் கொடுப்பது காத்தமுத்து. விற்க அல்ல, நேர்ச்சைக்கு. அதற்குக் கண்ணி வைத்தால் சாமி ஒன்றும் செய்யாதாம். என் கண்ணில் படாமல், நான் பஸ் ஏறிய பிறகு பிடிப்பானாம். ஊரில் இப்போது வெளிநாட்டுக்குப் போனவர்கள், பட்டாளத்துக்குப் போனவர்கள், கட்டிக்கொடுத்துத் தூரமாய்ப் போனவர்கள், எல்லார் பேரிலும் ஒரு வாத்து. சிவப்புக் கயிறு, செம்புக் கம்பி, பிள்ளைக் கொலுசின் ஒரு துண்டு. "ஒங்க மகனுக்கும் ஒண்ணு கட்டிருவமான்னு கேக்கணும்னே இருந்தேன்" என்றாள். அவள் அதை அன்பாகச் சொன்னாள். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, எனக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. உன்னிடம் இதை மறைக்கப் போவதில்லை.

"மார்கழி பொறந்ததுலருந்து அவன்கிட்டருந்து ஒரு கடுதாசி இல்ல. இன்னைக்குப் பாத்தா, இது கரையில நொண்டிக்கிட்டுக் கெடக்கு. அவனுக்குக் கால்ல என்னமோ ஆயிருச்சு டீச்சரம்மா. இரும்பு கிரும்பு விழுந்துருக்கும். இதைக் கொணமாக்கிட்டா அவனுக்கும் சரியாயிரும். மருந்து போடுங்க. வளையத்தை மட்டும் எடுத்துராதீக."

வளையத்தை எடுக்காமல் குணமாக்க வழி இல்லை. ஏறி இறங்க வேண்டும் என்று நீ சொன்னாயே. இது சதைக்குள் போயிருந்தது. உன் அப்பா கட்டிங் பிளேயரைக் கொண்டுவந்து வைத்தார். இருளாயி பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். "அதை வெட்டுனா நேர்ச்சையை வெட்டுன மாதிரி. என் மகனுக்கு ஒண்ணுன்னா நீங்க பதில் சொல்வீகளா?"

அப்போதுதான் சொன்னேன். நின்றுகொண்டு இல்லை, அவள் எதிரில் தரையில் உட்கார்ந்து. அந்த முதல் வளையம் எந்தச் சாமிக்கும் விட்டது இல்லை. பறவை எங்கே போகிறது, எத்தனை வருஷம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள மனுஷர்கள் மாட்டியது. வடக்கே கடற்கரையில் அதையேதான் என் மகன் செய்கிறான். என் கண்ணால் பார்த்துவிட்டு வந்தேன். அவன் மாட்டுவது தளர்வாக இருக்கும், பறவைக்கு நோகாது. இது நோகிறது. முருகேசனுக்கும் இந்தக் காலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவள் முழுதாகக் கேட்டாள்.

"இது அன்னைக்கே ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"பெறகு ஏன் சொல்லல?"

"சொன்னா காத்தமுத்து மறுநாளே வலை கட்டிருவான். வாத்து தப்பிக்கட்டும்னு பேசாம இருந்தேன்."

அவள் பெட்டிக்குள் பார்த்தாள். "தப்பிச்சிருச்சாக்கும்?"

உன் அப்பா பிளேயரைக் கையில் எடுத்தார். பிறகு கீழே வைத்தார். எனக்கு அவமானமாக இருந்தது என்று எழுதினால் உனக்குப் பிடிக்கும். அதற்கு நேரம் இருக்கவில்லை. "இருளாயி, நாளைக்கு வெள்ளிக்கிழமை. அங்க அவுகளுக்கு லீவு. காலைல நீயும் நானும் மதுரைக்குப் போறோம். அவனை அனுப்புன ஏஜெண்டைப் போன் போடச் சொல்றோம். அவன் குரலைக் கேக்காம திரும்ப மாட்டோம்" என்றேன்.

"அப்ப கேட்டுட்டு வந்து வெட்டுவோம்."

"கால் தாங்காது."

பெட்டியைத் தரையில் வைத்தாள். பிறகு பிளேயருக்குக் கையை நீட்டினாள். "நீங்க வெட்ட வேணாம். நான் கட்டுனது" என்றாள். நான் வாத்தைப் பிடித்துக்கொண்டேன். நீ பிடித்ததுபோலவே, கழுத்து இரண்டு விரலுக்கு நடுவே. வெள்ளி இரண்டாகப் பிளந்தது. கொஞ்சம் தோலும் சேர்ந்து வந்தது. இருளாயி அந்தத் துண்டுகளை முந்தானையில் முடிந்துகொண்டாள். புண்ணைக் கழுவி மருந்து வைத்தோம். பெட்டியில் ஊற வைத்த நெல்லும் தண்ணீரும் வைத்தேன்.

காலையில் அது செத்திருந்தது. நெல் அப்படியே இருந்தது. உன் அப்பாதான் முதலில் பார்த்தார். "பறந்து போச்சுன்னு சொல்லிரு. கொல்லையில பொதைச்சுர்றேன். அந்தப் பிள்ளை நிம்மதியா மதுரைக்கு வரும்ல" என்றார். அவர் பொய்க்காரர் இல்லை. உனக்குத் தெரியும். இரக்கம். எனக்கும் அந்த வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. எவ்வளவு எளிது. பறந்து போச்சு. இரண்டு சொல். அவளும் சந்தோஷமாக பஸ் ஏறுவாள், நானும். வேண்டாம் என்றேன். எதையும் புதைக்க வேண்டாம், பெட்டி அங்கேயே இருக்கட்டும்.

இருளாயி தலைக்கு எண்ணெய் வைத்து, நல்ல சேலை கட்டி வந்தாள். "செத்துப்போச்சு இருளாயி" என்றேன். பெட்டிக்குள் பார்த்தாள். தொடவில்லை. கொல்லைப் படியில் உட்கார்ந்தாள். வாத்து வேறு, பையன் வேறு என்று மறுபடி விளக்க வாய் வரை வந்தது. விளக்கவில்லை. முதல் நாளே சொல்லியாயிற்று. பக்கத்தில் உட்கார்ந்தேன். வகுப்பில் நாற்பத்தைந்து நிமிஷம் விடாமல் பேசுகிறவள், ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவள்தான், "இந்த பஸ்ஸை விட்டா அடுத்தது எப்ப?" என்றாள். எழுந்தோம்.

பஸ் ஜன்னலில் ஆனைமலை வந்தபோது கேட்டாள். "நேத்து வெட்டலேன்னா பொழைச்சிருக்குமோ?"

"இல்ல. இன்னும் முன்னாடியே வெட்டியிருந்தா பொழைச்சிருக்கும்."

தலையை ஆட்டினாள்.

ஏஜெண்ட் ஆபீஸ் டவுன் ஹால் ரோட்டில் ஒரு மாடியில். சஃபாரி சூட் போட்ட பையன், உன் வயதுதான் இருக்கும். "எல்லாம் சௌக்கியமா இருப்பாங்கம்மா, நீங்க கவலைப்படாமப் போங்க" என்றான். நான் கடைசி பெஞ்சுக்குப் பேசும் குரலை எடுத்தேன். டிரங்க் கால் புக் பண்ணினான். காத்திருந்தோம். இருளாயி காப்பியைத் தொடவில்லை. முந்தானை முடிச்சை மட்டும் உருட்டிக்கொண்டிருந்தாள். மத்தியானச் சாப்பாட்டுக் கடைகளில் சந்தடி அடங்கிய நேரத்தில் மணி அடித்தது. ஏஜெண்ட் யாரிடமோ இங்கிலீஷில் கத்தினான். பிறகு அந்தப் பக்கம் யாரோ லைனுக்கு வரும் வரை காத்திருந்தான். பிறகு ரிசீவரை அவளிடம் கொடுத்தான். அவள் அதைத் தலைகீழாகப் பிடித்தாள். நேராக்கிக் கொடுத்தேன்.

"ஏலே முருகேசா! கால் எப்பிடிடா இருக்கு?"

அறை முழுக்கக் கேட்டது அவன் குரல். "எந்தக் காலு?"

"ரெண்டு காலுந்தேன்!"

"இருக்குத்தா. ரெண்டும் இருக்கு. நீ என்னாத்தா மதுரையில பண்ற?"

"அப்ப கையி? கையி இருக்குல்ல? ஒரு கடுதாசி எழுதினா தேஞ்சா போகும்?" என்று தொடங்கினாள். அழுதுகொண்டே திட்டினாள். ஏஜெண்ட் பையன் எழுந்து வெளியே போய்விட்டான். கேம்ப் வேறு இடத்துக்கு மாறிவிட்டதாம், பாலைவனத்துக்குள்ளே, தபால் வண்டி அங்கே வருவதில்லையாம். லைன் போன பிறகும் ரிசீவரைக் காதிலேயே வைத்திருந்தாள். அப்புறம் கீழே இறங்கி, இரண்டு பரோட்டா சாப்பிட்டாள். எனக்கும் ஒன்றைப் பிய்த்து வைத்தாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்தபடி, தனக்குத்தானே சொல்வதுபோல், "வாத்து செத்துருச்சு. இவன் இருக்கான்" என்றாள். கொஞ்ச தூரம் போனது. மறுபடி அதையே சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "பட்டாளத்துக்குப் போன புருஷனுக்குச் சந்திரா கட்டுனது செம்புக் கம்பி. என்னையவிட இறுக்கிக் கட்டியிருக்கா" என்றாள்.

இனி உன் கேள்வி. அந்த மார்கழியில் நான் பேசாமல் இருந்தது தவறு என்று எழுத மாட்டேன். ஒரு குளிர்காலம் முழுக்க ஒரு வலையும் விழவில்லை. அது நடந்தது. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அந்த இடம் காலியாகக் கிடப்பதில்லை. யாராவது எதையாவது கொண்டுவந்து வைத்துவிடுகிறார்கள். அவர்களிடம் இருப்பதில் விலை உயர்ந்ததை வைக்கிறார்கள். அதை அடுத்த கார்த்திகையிலாவது நான் கவனித்திருக்க வேண்டும். நீயும் கவனித்துக்கொள் என்று சொல்கிறேன். நீ அன்றைக்குச் சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்றும் யோசித்தேன். சாமியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை என்று தொடங்கினாய். அது அவன் பயந்து நின்ற நேரம். சொல்லிவிட்டு நீ ரயில் ஏறியிருப்பாய். காத்தமுத்து வலை கட்டியிருப்பான், இருளாயிக்கு ஒன்றும் தெரிந்திருக்காது, உனக்கு ஒரு எண் கிடைத்திருக்கும். சொல்வது பெரிய வேலை இல்லை என்று இப்போது நினைக்கிறேன். சொன்ன பிறகு அங்கேயே இருப்பது, பஸ் ஏறுவது, ஆபீஸ் நாற்காலியில் காத்திருப்பது, அதுதான் வேலை. உனக்கு இருபத்துநாலு வயது. கடற்கரை நிறைய ஊர்கள். உன் வலைக்குப் பக்கத்தில் மீன்பிடிக்கிறவர்கள் வந்து வேடிக்கை பார்ப்பதைப் பார்த்தேன். நீ அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்கிறாய். அவர்கள் மொழியைக் கற்றுக்கொள். ஒரு பறவையை அவர்கள் கையிலும் வைத்து, விரிக்கச் சொல். நீ மாட்டும் வளையம் ஒன்று எங்கோ ஒரு வீட்டுக் கொல்லையில் போய்ச் சேரும்போது, அங்கே ஒருத்தி உன்னைப் போன்ற ஒருவனின் வாயை அடைப்பாள். அவள்மேல் கோபப்படாதே. அவள் அதற்குப் பிறகு என்ன செய்தாள் என்று மட்டும் கேள்.

காத்தமுத்துவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் பரணிலிருந்து வலையை இறக்கினாலும் இறக்குவான். இறக்கட்டும். அவனோடு சண்டை போட்டுப் பழக்கம் இருக்கிறது. இந்தத் தடவை என் பக்கம் இருளாயியும் இருப்பாள் என்று நினைக்கிறேன். அவளிடம் அவன் சிரித்து மழுப்ப முடியாது. ஊர் என்ன சொல்லும் என்று தெரியாது. கண்மாயில் இப்போது நிற்கும் வாத்துகளில் எத்தனையின் காலில் என்ன இறுகிக்கொண்டிருக்கிறது என்பதும் தெரியாது. அவற்றைப் பிடிக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

நேற்றுக் காலை இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்தினேன். பிளேயரைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு, இருளாயியைக் கூப்பிட்டுக்கொண்டு காத்தமுத்து வீட்டுக்குப் போனேன். அவன் பாய் போட்டான். உட்கார்ந்து, முதலிலிருந்து சொன்னேன்.